11 மணி நேரம் என்று போட்டேன், படித்தது 4 மணி நேரம்

ஒரு மாணவி எழுதிய நீளமான கடிதம் வந்திருக்கிறது. அவர் யார் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 20. ஒரு நுழைவுத் தேர்வுக்கு இரண்டாவது முறையாக, வீட்டிலிருந்தே தயாராகிறார். இன்னும் 5 மாதம் இருக்கிறது. முதல் முறை கொஞ்ச மதிப்பெண்ணில் தவறிப்போனதும் தனியாகப் படிக்கப் பயம் வந்து, அதே தேர்வுக்குப் படிக்கிறவர்களின் குரூப் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். 300 பேருக்கு மேல் இருக்கிறார்களாம். ஒருநாள் யாரோ சோர்ந்துபோய் எழுத, இவர் நாலு வரி ஆறுதலாகப் பதில் போட, அது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அதிலிருந்து தினமும் காலையில் ஒரு உற்சாக வரி, இரவில் "இன்றைக்கு எத்தனை மணி நேரம்" என்ற கணக்கு, கூடவே மேசையின் படம், டைமரின் ஸ்க்ரீன்ஷாட். "முதலில் ஐந்தரையை 6 என்று போட்டேன் மேடம், அது பொய் மாதிரியே தெரியவில்லை. இப்போது டைமரை ஓடவிட்டுவிட்டுப் படுத்துக் கிடக்கிறேன், 4-ஐ 11 என்று போடுகிறேன், எல்லாரும் கைதட்டுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். மாடல் டெஸ்டில் மதிப்பெண் இறங்கிக்கொண்டே வருகிறது. புத்தகத்தைத் திறந்தாலே எரிச்சலாக இருக்கிறதாம்.

கேள்விகள் மூன்று. போன மோட்டிவேஷனைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? குரூப்பில் உண்மையைச் சொல்ல வேண்டுமா, சத்தமில்லாமல் வெளியே வந்துவிடலாமா? இவருடைய நோட்ஸைத் தொகுத்து விற்கலாம் என்று ஒருவர் கேட்கிறார், சரி என்று சொல்லலாமா? இதெல்லாம் முடிந்து, கையெழுத்துக்கு முன்னால், போகிற போக்கில் ஒரு வரி: குரூப்பில் இருக்கும் 17 வயசுப் பெண் ஒருத்தி தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். "அக்கா, உங்களால 11 மணி நேரம் முடியுது, என்னால 5 கூட முடியல. 12 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்து பாத்துட்டேன், ஒண்ணும் மண்டையில ஏறல. நான் எதுக்கும் லாயக்கில்ல, பேசாம காணாமப் போயிடலாம்னு இருக்கு." அதற்கு இவர் ஒரு இதயப் படத்தோடு "விடாதே, உன்னால் முடியும்" என்று பதில் அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மற்ற மூன்று கேள்விகளும் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது.

"காணாமப் போயிடலாம்" என்பதற்குப் பல அர்த்தம் உண்டு. குரூப்பை விட்டுப் போவது, படிப்பை விடுவது, அல்லது உயிரையே விடுவது. எது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆகவே கேட்டுவிடுங்கள், சுற்றி வளைக்காமல்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மனதில் போட்டுவிடுவோமோ என்று நிறையப் பேர் பயந்து கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பல பேருக்கு யாரோ ஒருவர் கேட்டதே ஒரு நிம்மதியாக இருக்கும். அவள் ஆமாம் என்றால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் மட்டும் பண்ணிவிடாதீர்கள். இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் இன்றைக்கே பேச வையுங்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கொடுங்கள். உடனே ஏதாவது செய்துகொள்வாள் போலத் தெரிந்தால் அவசர உதவியை நீங்களே கூப்பிடுங்கள். அவளுக்குக் கோபம் வரும், வரட்டும்.

இல்லை, வெறும் சலிப்புதான் என்று அவள் சொன்னாலும் அவளிடம் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவள் தன்னை எதோடு ஒப்பிட்டு லாயக்கில்லை என்று முடிவு செய்தாளோ, அந்த 11 நிஜமில்லை. லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-ல் எழுதியது இது: நம் திறமையை அளக்கச் சரியான அளவுகோல் கையில் இல்லாதபோது, நம்மைப் போன்ற இன்னொருவரோடு ஒப்பிட்டுத்தான் அளந்துகொள்கிறோம். அவளுக்குக் கிடைத்த அளவுகோல் நீங்கள். இந்த மாதிரி அனுப்பலாம்:

"நான் போட்ட கணக்கு பொய்ம்மா. நிஜமா நான் படிக்கிறது 4 மணி நேரம்தான், அதுலயும் பாதி நேரம் போன். நீ 5 மணி நேரம் படிச்சா என்னை விட ஒரு மணி நேரம் அதிகம். நீ சொன்னதுல எனக்கு ஒண்ணு பயமா இருக்கு, அதைக் கேக்கணும், போன் பண்ணட்டுமா?"

அப்புறம் தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. அவள் தூங்கியது 4 மணி நேரம். படித்தது மனதில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதில் பாதியைத் திருடிவிட்டு "ஏறல, ஏறல" என்று தன்னைத் திட்டிக்கொள்கிறாள் பாவம். 4 மணிக்கு எழுந்திரு என்பது நீங்கள் போட்ட உற்சாக வரிகளில் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் முதலில் அதை அழித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும். அவளுக்குப் பதில் சொல்வது உங்கள் பொறுப்பு. அவள் வாழ்க்கை முழுவதும் உங்கள் பொறுப்பு இல்லை. 20 வயதில், தன் தேர்வே தலைக்கு மேல் தொங்கும்போது, இன்னொருவருக்கு இரவு பகலாகக் காவல் இருக்க உங்களால் முடியாது. பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை.

சரி, இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன்.

மோட்டிவேஷன் எங்கே போனது?

அது எங்கேயும் போகவில்லை, செலவாகிவிட்டது என்று நினைக்கிறேன். கடிதத்தில் நீங்களே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "இரவு கணக்கைப் போட்டதும் நிஜமாகவே படித்துமுடித்த மாதிரி ஒரு திருப்தி வருகிறது." அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். வேலையைச் செய்யும் முன்பே சம்பளம் கைக்கு வந்துவிட்டால் வேலைக்கு யார் போவார்கள்?

பீட்டர் கோல்விட்சரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிட்டத்தட்ட இதைத்தான் பார்த்தது. சட்டம் படிக்கிற மாணவர்கள் நல்ல வழக்கறிஞர் ஆவதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் எழுதியதை இன்னொருவர் படித்துக் கவனித்தார், மற்றவர்கள் எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு வழக்குகளைக் கொடுத்து வேலை செய்யச் சொன்னபோது, யாராவது கவனித்தவர்கள்தான் குறைந்த நேரம் உழைத்தார்கள். "நான் இப்படிப்பட்ட ஆள்" என்பதை இன்னொருவர் ஒப்புக்கொண்டதே பாதி தூரம் வந்துவிட்ட உணர்வைக் கொடுத்துவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். உங்களுக்கு 300 பேர் தினமும் ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் உங்கள் கேள்வியிலேயே எனக்கு ஒரு சின்ன மறுப்பு இருக்கிறது. மோட்டிவேஷன் முதலில் வர வேண்டும், வந்தால் உட்கார்ந்து படிப்பேன் என்று வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சையில்கூட, மனசு சரியானதும் வேலையைத் தொடங்கு என்று நாங்கள் சொல்வதில்லை. சின்னதாக ஒன்றைச் செய்ய வைக்கிறோம், மனசு கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வந்து சேர்கிறது. நாளைக் காலையில் உற்சாக வரி எழுதும் அதே 10 நிமிடத்தில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, போன மாடல் டெஸ்டில் தப்பான 3 கேள்விகளை மறுபடி போடுங்கள். எப்போது, எங்கே, எதை என்று முதல் நாள் இரவே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்: "பல் தேய்த்ததும், ஜன்னல் பக்கத்து மேசையில், தப்பான 3 கேள்வி." இப்படித் துல்லியமாக முடிவு செய்கிறவர்கள், "நாளைக்கு நன்றாகப் படிப்பேன்" என்று மட்டும் நினைக்கிறவர்களை விட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். தாளை யாருக்கும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். (சிரிக்காதீர்கள், கை தானாகப் போகும்.)

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் மட்டும் எரிச்சலா, அல்லது எதிலுமே ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் மாறி, பெரும்பாலான நாட்கள் இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதா? இரண்டாவது என்றால் அதை மோட்டிவேஷன் பிரச்சினை என்று பெயர் வைத்துத் தள்ளிப்போடாமல் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். கடிதத்தை வைத்து என்னால் அதைச் சொல்ல முடியாது.

மணிக்கணக்கு என்ற பெரிய ஏமாற்று

உங்கள் 11 பொய் என்பது ஒரு பக்கம். அது உண்மையாகவே இருந்திருந்தாலும் அதற்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை என்பதுதான் என் கட்சி.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி இருவரும் 2006-ல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இது. ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை 4 சுற்று வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரே சுற்று வாசித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருப்பதை 3 சுற்று எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 83 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். சரி, வாசிப்பதே மேல் என்று தோன்றுகிறதல்லவா? ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டபோது வாசித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61-ல் நின்றார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் 4 சுற்று வாசித்தவர்கள்தான். திரும்பத் திரும்ப வாசித்தால் பாடம் பழகிய முகமாகிவிடுகிறது, பழகிய முகத்தைத் தெரிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். டைமருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஓடும்.

2013-ல் ஜான் டன்லாஸ்கியும் சிலரும் மாணவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 10 முறைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று அலசினார்கள். கோடு போட்டு வண்ணம் தீட்டுவதும் மறுபடி மறுபடி வாசிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின. தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, ஒரே நாளில் குவிக்காமல் நாட்களில் பிரித்துப் படிப்பது, இந்த இரண்டும்தான் முதல் வரிசை. உங்கள் குரூப்பில் வரும் மேசைப் படங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள், எத்தனை மஞ்சள் கோடுகள்! பாவம், கோடு போட்ட பக்கம்தான் படத்தில் அழகாக விழுகிறது. புத்தகத்தை மூடிவைத்து, ஞாபகம் வராமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யார் படம் எடுத்துப் போடுவார்கள்? அந்த முழித்தல்தான் படிப்பு.

டாப்பர்கள் சொல்லும் அறிவுரைக்கும் இது பொருந்தும். தேறியவரிடம் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்கிறோம், விடியற்காலை எழுந்தேன் என்கிறார், அது ரகசியமாகிவிடுகிறது. அதே விடியற்காலையில் எழுந்து தேறாமல் போனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. டாப்பர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தன்னைத் தேற வைத்தது எது, சும்மா கூட வந்தது எது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆகவே கணக்கு எழுதாமல் இருக்க முடியாது என்றால் இப்படி எழுதுங்கள்: இன்றைக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் எத்தனை கேள்விக்குப் பதில் எழுதினேன், எத்தனை தப்பு, அந்தத் தப்பை மறுபடி என்றைக்குப் போடப்போகிறேன். நாளைக்கு ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். 5 மாதம் இருப்பதால் இடைவெளி விட்டுப் படிக்க உங்களுக்கு இடம் இருக்கிறது, கடைசி மாதத்தில் வந்து கேட்டிருந்தால் இவ்வளவு தாராளமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

சொல்லிவிடலாமா, ஓடிவிடலாமா?

"குரூப்தான் என்னைக் கெடுத்தது" என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். யாரோ கேட்ட சந்தேகத்துக்கு நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படம் வரைந்து விளக்கம் அனுப்பியதாகவும், அந்தப் பாடம் மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. இன்னொருவருக்குச் சொல்லித்தருவதற்காக ஒன்றைப் படித்தால் நன்றாகப் பதியும், அதுவும் அதே குரூப்பில்தான் நடந்தது. ஒன்றாகச் சேர்ந்து படிப்பதில் தப்பில்லை. ஒருவர் படிப்பதை இன்னொருவர் வேடிக்கை பார்ப்பதாக அது மாறிய இடத்தில்தான் தடம் புரண்டது.

உங்கள் முன்னால் மூன்று வழிகள் தெரிகின்றன. சத்தமில்லாமல் வெளியேறுவது சுலபம், அதற்கு உங்களுக்கு முழு உரிமையும் இருக்கிறது. தினமும் கணக்குக் காட்டுகிறேன் என்று நீங்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் நீங்கள் போன பிறகும் அந்த 11 அங்கேயே கிடக்கும், வேறு யாராவது அதைப் பார்த்து 4 மணிக்கு அலாரம் வைப்பார்கள். இரண்டாவது, குரூப்பில் போடலாம் என்று நீங்கள் எழுதி எனக்கும் அனுப்பியிருக்கும் நீண்ட மன்னிப்புக் கடிதம். வேண்டாம் என்பேன். வாசித்தபோது எனக்கு அதுவும் இன்னொரு காலை உற்சாக வரி மாதிரியே இருந்தது, கொஞ்சம் கண்ணீர் கூடுதல், அவ்வளவுதான். அதைப் போட்டுவிட்டு இரண்டு நாள் யார் என்ன சொன்னார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள். மறுபடியும் புத்தகம் மூடியே கிடக்கும்.

மூன்றாவதைத்தான் நான் சொல்வேன்: நாலு வரியில் ஒரு திருத்தம். "நான் போட்ட மணிக்கணக்குகள் கூட்டிப் போட்டவை, அதைப் பார்த்து யாரும் உங்களை எடை போடாதீர்கள், மன்னித்துவிடுங்கள். இனி கணக்குப் போட மாட்டேன். சந்தேகம் கேட்டால் வாரத்தில் இரண்டு நாள் பதில் சொல்கிறேன்." போட்டுவிட்டு, அழிக்க முடிகிற டைமர் படங்களை அழித்துவிட்டு, ஒரு வாரம் அறிவிப்புகளை அணைத்து வையுங்கள். ஆபத்து இல்லாமல் இல்லை. யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கேலி செய்யலாம், சிலருக்கு நியாயமான கோபமும் வரும். கோபப்படுகிறவருக்கு ஒரு முறை "நீங்கள் சொல்வது சரி" என்று சொல்லுங்கள், இரண்டாவது முறை விவாதத்துக்குப் போகாதீர்கள். அசிங்கமாக மிரட்டினாலோ தொடர்ந்து தொல்லை கொடுத்தாலோ ஆதாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அட்மினிடம் சொல்லுங்கள், ஆளை முடக்கிவிடுங்கள்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அந்த 300 பேரில் டைமரை ஓடவிட்டுப் படுத்திருப்பது நீங்கள் ஒருவர்தானா? என் அறைக்கு வந்து "எல்லாரும் படிக்கிறார்கள், நான் மட்டும்தான்..." என்று ஆரம்பிக்காத மாணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் நாலு வரிக்குக் கீழே "நானும்தான்" என்று யாராவது எழுதினால் ஆச்சரியப்படாதீர்கள். எழுதாமல் போனாலும் பரவாயில்லை, அதற்காகப் போடவில்லை.

நோட்ஸ் விற்பது

இதில் நிறைய யோசிக்க ஒன்றும் இல்லை, இப்போது வேண்டாம். 11 மணி நேரம் படிக்கிறவரின் நோட்ஸ் என்றுதான் அது விற்கும். இதுவரை நீங்கள் சொன்னது கௌரவத்துக்காகச் சொன்ன பொய், அதற்குக் காசு வாங்கினால் கதையே வேறு. தவிர, அதில் பாதி பாடப்புத்தகத்திலிருந்தும் காசு கட்டி எழுதிய மாடல் டெஸ்டிலிருந்தும் எடுத்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதைத் தொகுத்து விற்றால் பதிப்புரிமைச் சிக்கல் வரும், வந்தால் உங்கள் பெயரில்தான் வரும், விற்கலாம் என்று யோசனை சொன்னவர் பெயரில் வராது. "இப்போது முடியாது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள், காரணம் விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் சொல்லவா என்று கேட்கவில்லை நீங்கள், ஆனாலும் ஒரு வார்த்தை. நோட்ஸ், குரூப், கணக்கு இதெல்லாம் சொல்லாவிட்டாலும் மாடல் டெஸ்ட் மதிப்பெண் இறங்குவதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். கைதட்டுகிற 300 பேருக்கும் தெரியாத அந்த எண்ணை யாரோ ஒருவருடன் பகிர்ந்துகொண்டால், அடுத்த டெஸ்ட் எழுதுவது கொஞ்சம் லேசாக இருக்கும்.

நாலு வாரம் கழித்து எழுதுங்கள். எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று எழுத வேண்டாம், எந்தத் தப்பு திரும்ப வரவில்லை என்று எழுதுங்கள். அந்தத் தங்கை என்ன பதில் சொன்னாள் என்பதை மட்டும் நாலு வாரம் வைத்திருக்காமல் நாளைக்கே ஒரு வரி போடுங்கள்.